பழகியவரின் மறைவும் நம் துக்கமே

2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் பிற்பகலில் அகமதாபாத்திலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்ட ஏர் இந்தியா 171 விமானம், தரையை விட்டு எழுந்த ஒரு நிமிடத்திற்குள்ளாகவே பி.ஜே. மருத்துவக் கல்லூரியின் விடுதிக் கட்டடங்கள் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். தரையில் இருந்தோரையும் சேர்த்து 260 பேர் மாண்டனர். அவர்களுள் விடுதியின் உணவுக்கூடத்தில் மதிய உணவு அருந்திக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களும் அடங்குவர்.

இத்தகைய விபத்து நிகழும்போது இறந்தோரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரை நோக்கியே நாடு திரும்பிப் பார்க்கிறது. அது இயல்பே. ஆனால் இறந்த ஒவ்வொருவருக்கும் குடும்பத்திற்கு வெளியே ஒரு பெரிய வட்டம் இருந்திருக்கும். உடன் படித்தவர், ஒரே அறையில் தங்கியவர், முதல் வேலையில் அருகில் நின்று தொழில் கற்றுக்கொடுத்தவர், பத்து ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தும் மறக்கப்படாதவர் என அந்த வட்டம் விரியும். அவர்களுடைய துக்கத்தை விசாரிக்க எவரும் வருவதில்லை. அத்துக்கத்தைப் பற்றியும், அது நோயுற்ற ஒருவரையோ அவருக்கு உடனிருப்பவரையோ வந்தடையும்போது செய்யத்தக்கவை பற்றியும் இவ்விதழில் எழுதுகிறோம்.

நம் வட்டாரத்தில் இப்பொருளுக்குத் தனித்த இடம் உண்டு. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். பயிற்சியாளராக ஓராண்டு, ஒப்பந்தத் தொழிலாளியாக இரண்டாண்டு, பிறகு வேறு நிறுவனம் அல்லது வேறு நாடு என்று வாழ்க்கை நகர்கிறது. விடுதி அறையில் நால்வர், நிறுவனப் பேருந்தில் பக்கத்து இருக்கை, இரவுப் பணியில் ஒன்றாகக் குடித்த தேநீர் ஆகியவற்றால் உண்டான பழக்கம் உறவுமுறைப் பெயர் ஏதும் பெறாமலே ஆழமாகிவிடுகிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அப்போது ஒரே வரிசையில் நின்று கைப்பேசிகளைப் பொருத்திய ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் மிகப்பலர் இளம்பெண்கள், நாலாதிசைக்கும் சென்றனர். இன்று அவர்களை இணைப்பது ஒரு வாட்ஸ்அப் குழு மட்டுமாக இருக்கலாம். அக்குழுவில் ஒரு நாள் ஒரு பெயரும் ஒரு புகைப்படமும் வந்து சேரும்.

அச்செய்தியைப் படித்தவர் முதலில் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது, “நான் அழுவதற்கு எனக்கு அவர் என்ன உறவு?” என்பதே. ஆலோசனை அறையிலும் இக்கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். நிறுவனங்களில் துக்க விடுப்பு என ஒன்று இருந்தாலும் அது பெரும்பாலும் நெருங்கிய குடும்பத்தினருக்கே பொருந்தும். மருத்துவமனையில் உடனிருப்பவருக்கோ இருந்த விடுப்பு முழுவதும் நோயாளிக்காகவே முன்னரே செலவாகியிருக்கும். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலொன்றில், சமூகம் ஏற்றுக்கொள்ளாத, வெளிப்படையாக அனுசரிக்க வழியில்லாத துயரத்தைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். அதனை ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ எனலாம். இழந்தவருக்கும் இறந்தவருக்கும் இடையே இருந்தது ‘போதிய’ உறவன்று எனப் பிறர் கருதுவதும், பல வேளைகளில் இழந்தவரே கருதுவதும் இதற்குரிய காரணங்களுள் ஒன்று.

நம் இலக்கிய மரபு இதில் தாராளமானது என்பது எங்கள் எண்ணம். புறத்திணையில் ‘கையறுநிலை’ என்றொரு துறை உண்டு. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோரும் புலவரும் செயலற்று வருந்தும் நிலையைப் பாடுவது அது. பாடுபவர் இரத்த உறவினராக இருக்க வேண்டியதில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியை இழந்த ஔவையார் புறநானூற்றில் அவன் வீரத்தை மட்டும் பாடவில்லை; கள்ளையும் சோற்றையும் அவன் பகிர்ந்துகொண்ட விதத்தை நினைவுகூர்கிறார். பழகியவரின் துக்கம் இவ்வாறு சிறு சிறு செயல்களையே பற்றிக்கொள்ளும். ‘பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பார்’ என்பதை நினைத்து ஒருவர் அழுதால் அது அற்பமன்று. துயரம் தனக்குக் கிடைத்த நினைவைக்கொண்டே பேசுகிறது.

விமான விபத்தால் நேரும் இறப்பில் வேறு சில சிக்கல்களும் உண்டு. முதலாவது, செய்தி வந்து சேரும் முறை. ஊர்ப்புறத்தில் இழவு சொல்ல ஆள் வருவார். சொல்பவரின் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். விமான விபத்திலோ தீயும் புகையும் முதலில் திரையில் வந்துவிடுகின்றன. பெயர்ப்பட்டியல் பின்னால் வருகிறது. தாம் அறிந்த பெயரைப் போன்ற ஒரு பெயரைக் கண்டவர், அவர்தானா இவர் என்று மணிக்கணக்கில் தவிக்க நேர்கிறது. உறுதியான பின்னரும் அதே காட்சி நாள் முழுவதும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களில் உள்ள தொலைக்காட்சியும் இதற்கு விலக்கன்று. அதனை நிறுத்தச் சொல்லவோ அலைவரிசையை மாற்றச் சொல்லவோ நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் முழு உரிமை உண்டு. தயங்காமல் செவிலியரிடம் கூறுங்கள். விபத்துக் காணொளிகளைக் கைப்பேசியில் தேடிப் பார்ப்பதால் இறந்தவரைப் பற்றி எதுவும் கூடுதலாகத் தெரிந்துவிடாது. இரவில் உறக்கம் மட்டும் கெடும்.

இரண்டாவது, உடலைப் பற்றியது. அகமதாபாத் விபத்தில் இறந்தோர் பெரும்பாலோரை டி.என்.ஏ. பரிசோதனையால்தான் அடையாளம் காண இயன்றது. அப்பணி முடிவடைய இரண்டு வாரங்களுக்கும் மேலாயிற்று. முகம் பார்த்து விடைகொடுப்பது நம் வழக்கத்தில் எத்துணை முதன்மையானது என்பதை நாம் அறிவோம். கடைசியாக ஒருமுறை முகம் பார்த்தாயிற்றா என்பதே துக்கவீட்டுக்கு வருவோர் கேட்கும் கேள்வி. அது இயலாதபோது மனம் இறப்பை நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

இதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு துயர நிகழ்வு உண்டு. ஒரகடத்திலிருந்து வண்டலூர் சாலை வழியே சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 2016 ஜூலை 22 அன்று காலை 29 பேருடன் ஏ.என்.-32 வகை விமானம் ஒன்று போர்ட் பிளேயருக்குப் புறப்பட்டது. வங்கக்கடலின் மேல் பறந்துகொண்டிருந்தபோது ராடார் திரையிலிருந்து அது மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் நெடுநாள் தேடியும் தடயம் கிட்டவில்லை; அதில் சென்றோர் இறந்ததாகக் கருதப்பட்டனர். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்கள் அவ்விமானத்தின் சிதைவுகளோடு ஒத்திருப்பதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஏழரை ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்குச் சென்று எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் காலம். அக்காலம் முழுவதும் அந்த 29 பேரோடு பழகியவர்கள் அவர்களைப் பற்றி ‘இருக்கிறார்’ என்பதா, ‘இருந்தார்’ என்பதா என்று தடுமாறியிருப்பர்.

போர்க்களங்களில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1970களில் இந்நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் பொருளில் ஒரு பெயர் சூட்டினார். உடல் கிடைக்காத துக்கத்தில் நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் ஒரே நேரத்தில் மனத்தில் இருக்கலாம். அது மனக்கோளாறன்று, சூழ்நிலையின் தன்மை என்பதே அவருடைய கருத்தின் சாரம். இறந்த நண்பரின் எண்ணை அழைத்துப் பார்த்தேன் என்று கூச்சத்தோடு சொல்பவர்களுக்கு நாங்கள் இதையே கூறுகிறோம்.

இனி, நோயுற்றிருக்கும் ஒருவருக்கு இச்செய்தி வரும்போது என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். பலரும் வெளியில் சொல்லாத ஓர் எண்ணத்திலிருந்து தொடங்குவது நல்லது. நலமாக இருந்தவர், வெளிநாடு செல்லும் அளவுக்கு வாழ்க்கையில் உயர்ந்தவர், ஒரு நொடியில் மறைந்துவிட்டார். வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு வரும் நான் இருக்கிறேன். ‘என்னை எடுத்துக்கொண்டு அவரை விட்டிருக்கலாமே’ என்ற நினைவு எழுகிறது. அதை அடுத்து, ‘நல்லவேளை, நான் இருக்கிறேன்’ என்ற நினைவும் எழக்கூடும். அதற்காகக் குற்ற உணர்வும் வரும். இவை இரண்டும் இயல்பானவையே. ஆனால் முதல் எண்ணம் நீடித்து, ‘இனி எதற்கு மருந்து’ என்ற நிலைக்குச் சென்றால், அதை அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கூற வேண்டும்.

ஒரு மரணம் பழைய மரணங்களையும் எழுப்பிவிடுகிறது என்பதை ஒப்பாரி பாடும் நம் பெண்கள் நன்கறிவர். பிறர் வீட்டுத் துக்கத்திற்குச் சென்று, தம் தாயையும் உடன்பிறந்தாரையும் நினைத்தே பலர் அழுகின்றனர். எனவே, எப்போதோ பழகிய ஒருவருக்காக நோயாளி அளவுக்கு மீறி அழுவதாகத் தோன்றினால், அவர் அழுவது யாருக்காக என்று விசாரணை செய்ய வேண்டாம். அருகில் அமர்ந்திருங்கள்.

உடலுக்கு வருவோம். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மாரடைப்பிலிருந்து மீண்ட ஏறத்தாழ 2,000 பேரிடம் விசாரித்து, தம் வாழ்வில் முக்கியமான ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கத்தைவிடச் சுமார் 21 மடங்கு உயர்வதாகக் கண்டது. துக்கமுற்ற அனைவருக்கும் மாரடைப்பு வரும் என்பது இதன் பொருளன்று, பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆயினும் முன்பே இதய நோய் உள்ளவர் அந்நாளில் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. ‘டக்கோட்சுபோ’ எனப்படும் நிலையும் உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த இதில், கடும் அதிர்ச்சியால் இதயத்தின் ஒரு பகுதி தற்காலிகமாகச் செயல் குன்றி, எண்காலியைப் பிடிக்கும் பானையின் வடிவம் கொள்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. இதன் அறிகுறிகளும் மாரடைப்பின் அறிகுறிகளும் ஒன்றே. வீட்டில் இருந்தபடி வேறுபடுத்த இயலாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை, மயக்கம் ஆகியவை தோன்றினால் ‘துக்கத்தால்தான்’ என்று இருந்துவிடாமல் 108ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் துக்கவீட்டுக்குச் சென்று திரும்பிக் குளிக்கும்வரை எதுவும் உண்ணாமல் இருப்பதுண்டு. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டபின் இவ்வாறு இருப்பது ஆபத்தாகும். புறப்படுமுன் உண்ணுங்கள், பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சுத்திகரிப்பில் இருப்போர் துக்கம் விசாரிக்கச் செல்வதற்காக ஒரு முறையைக்கூடத் தள்ளிப்போடலாகாது. நாளை மாற்ற வேண்டுமெனில் முன்கூட்டியே பிரிவில் பேசுங்கள். அங்கே தரப்படும் காபி, சோடா, தண்ணீர் எல்லாம் உங்கள் அன்றாட நீரளவில் சேரும். புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோர் கூட்டத்திற்குச் செல்லலாமா என்பதை இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவரே கூற இயலும். உறக்கம் வரவில்லை என்று பிறருடைய தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். துக்கவீட்டில் மது புழங்குவதும் உண்டு. கல்லீரல் நோயுள்ளவருக்கு அதில் ஒரு வாய்கூட ஆகாது.

உடனிருப்போருக்கும் ஒரு சொல். இரவெல்லாம் உறங்காமல், காலையில் செய்தி கேட்டு, அப்படியே முதல் ஷிப்டுக்குச் சென்று பிரஸ் இயந்திரத்தின் முன் நிற்பது கைவிரல்களுக்கு ஆபத்தானது. விடுப்புக் கிடைக்காவிட்டாலும், அன்று ஒருநாள் வேறு வேலை தருமாறு மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். ‘நண்பர் இறந்துவிட்டார், இரவு தூங்கவில்லை’ என்பது போதுமான காரணமே.

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் வினா ஒன்று எஞ்சியுள்ளது: நோயாளியிடம் செய்தியைச் சொல்லலாமா? நம் குடும்பங்களில் மறைப்பதே அன்பு என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை இருக்கிறது, அல்லது தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவு தெளியாமல் இருக்கிறார் என்றால் தள்ளிவைப்பதில் நியாயம் உண்டு. அதற்கப்பால் நீண்டகாலம் மறைப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. நோயாளியின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பழைய குழு ஒன்றில் மாலை படத்தை அவர் தனியாக, நள்ளிரவில் காண நேர்வதைவிட, உங்கள் வாயால் பகலில் கேட்பது மேல். மேலும், ஒருமுறை மறைத்தது தெரிந்துவிட்டால், தம் நோயைப் பற்றி நீங்கள் கூறுவதையும் அவர் ஐயுறத் தொடங்குவார்.

சொல்லும் முறை கடினமானதன்று. மருந்துவேளை முடிந்து, உண்டபின், கதவைச் சாத்தி, அருகில் அமருங்கள். ஒரு மகள் தந்தையிடம் இவ்வாறு கூறலாம்: “அப்பா, ஒரு வருத்தமான செய்தி சொல்லணும். உங்களோட ஒரகடத்தில் வேலை பார்த்தாரே, அவர் அந்த விமான விபத்தில் இறந்துட்டார்.” ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். ‘தவறிட்டார் போல இருக்கு’ என்று இழுத்தால் பிழைத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் பிறக்கும். சொன்னபின் உடனே ஆறுதல் கூற முற்படாமல் சற்றுப் பேசாதிருங்கள். செய்தியைச் சொல்லியிருப்பதைப் பணியிலுள்ள செவிலியரிடமும் தெரிவியுங்கள். அன்றிரவு இரத்த அழுத்தத்தையும் உறக்கத்தையும் அவர் கூடுதலாகக் கவனிப்பார்.

இறந்தவரின் குடும்பத்தைத் தொடர்புகொள்வதா என்பதில் பழகியவர்கள் மிகவும் தயங்குகின்றனர். நம்மை அவர்களுக்குத் தெரியாதே என்பது தயக்கத்தின் காரணம். எங்கள் கருத்தில், தெரியாதவரிடமிருந்து வரும் நினைவுக்கே மதிப்பு மிகுதி. மகன் வீட்டைவிட்டுச் சென்றபின் வெளியூரில் எப்படி வாழ்ந்தான் என்பது தாய்க்குத் தெரியாத பகுதி. அதை அறிந்தவர் நீங்கள். கடிதமாகவோ குரல்பதிவாகவோ, நீங்கள் யார், எந்த ஆண்டில், எங்கே அவரோடு இருந்தீர்கள், அவர் செய்த ஒரு செயல் என்ன என்பதை மட்டும் கூறுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள். இழப்பீட்டைப் பற்றியும், உடல் இருந்த நிலையைப் பற்றியும், விபத்துக்கான காரணத்தைப் பற்றியும் வினவ வேண்டாம். பதினாறாம் நாளுக்குள் அனுப்ப இயலாவிட்டாலும் குற்றமில்லை. கூட்டம் கலைந்த மூன்றாம் மாதத்தில் வரும் கடிதத்தைக் குடும்பம் நிதானமாகப் படிக்கும்.

துக்கம் அனுசரிக்கப் பழக்கமோ உறவோ முன்நிபந்தனையன்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேருடன் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. அவ்வூர் மக்கள் குடங்களில் தண்ணீரும் வீட்டுப் போர்வைகளுமாக ஓடிச்சென்று உதவினர். மறுநாள் உடல்களைச் சூலூருக்குக் கொண்டுசென்ற வாகனங்கள் மீது வழியெங்கும் மக்கள் மலர் தூவினர். நேரில் ஒருமுறையும் கண்டிராதவர்களுக்காக அவ்வாறு செய்ய முடிந்தது எனில், ஓராண்டு ஒரே தட்டில் உண்ட நண்பருக்காக வீட்டில் ஒரு விளக்கேற்றவோ, ஒருவேளை உணவைப் பிறருக்கு அளிக்கவோ யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

பெரும்பாலோரின் துயரம் சில வாரங்களில் தணிந்து, ஆண்டு நினைவுநாளிலும், இன்னொரு விபத்துச் செய்தி வரும்போதும் மீண்டும் எழும். மாதங்கள் கடந்தும் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாதபடி அது நீடித்தால் சிகிச்சை தேவைப்படலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதற்கு ஆறு மாதங்களையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு ஓராண்டையும் எல்லையாகக் கொள்கின்றன. தற்கொலை எண்ணம், மருந்தை நிறுத்தும் எண்ணம் ஆகியவற்றுக்கு எந்தக் கால எல்லையும் பார்க்க வேண்டாம், உடனே கூறுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவிச் சேவையை 104 என்ற எண்ணிலும் எந்நேரமும் அழைக்கலாம்.

இறந்தவரின் எண்ணைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட வேண்டுமா என்றும் சிலர் கேட்கின்றனர். நீக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆனால் பயன்பாட்டில் இல்லாத எண்கள் சில மாதங்களில் வேறொருவருக்கு வழங்கப்படுவதுண்டு. அழைக்கும்போது அறிமுகமற்ற குரல் கேட்டு அதிர்ச்சியுற நேரலாம். அவருடைய குரல்பதிவுகளும் படங்களும் உங்களிடம் இருந்தால், கைப்பேசியை மாற்றுவதற்கு முன் அவற்றை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். அதைச் செய்யத் தெரியாதவர்களுக்கு எங்கள் ஆலோசனைப் பிரிவிலுள்ள இளைஞர்கள் உதவுவார்கள்.